சரணத்தில் தேங்கும் பெட்டி

ரிச்சி தெருவில் ரெஜினாவிடம் பாடம் கேட்க வந்தவர் மொத்தம் ஒரே ஒருவர்தான். அந்த ஒருவருக்கும் அவளைவிட இருபத்தைந்து வயது அதிகம்.

அவர் பெயர் தணிகாசலம். அருவி இசைக்குழுவில் இருபத்தெட்டு வருடங்களாக டிரம்ஸ் வாசிக்கிறவர். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, பள்ளிக்கூட ஆண்டுவிழா என்று சென்னையில் அவர் ஏறாத மேடை குறைவு. தாளம் பிசகாது என்பதால் குழுவில் அவருக்குக் ‘கடிகாரம்’ என்று பெயர். அதை வைத்தவர் குழுவின் தலைவர் மோகன்தாஸ். இருபது வருடங்களுக்கு முன்னால் ஒரு மேடையில் மைக்கிலேயே அப்படிச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தணிகாசலம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடக்கிறார்.

ரெஜினா மாடியில் ஒரு சின்ன அறையில் கீபோர்டும் ஆம்ப்ளிஃபயரும் பழுது பார்க்கிறவள். முப்பத்தோரு வயது. அதிகம் பேச மாட்டாள். பேசுவதிலும் பாதி கேள்வியாக இருக்கும். பழுது பார்க்கிறவளுக்குக் கேள்வி கேட்பதுதானே வேலை என்று முதலில் எல்லோரும் நினைப்பார்கள்.

இது எண்பத்தொன்பதாம் வருடம் நடந்தது. சினிமாப் பாட்டுகளில் மெஷின் தாளம் நுழைந்திருந்த நேரம். மேடையிலும் அதே சத்தம் வேண்டும் என்று ஜனங்கள் கேட்டார்கள். மோகன்தாஸின் மச்சான் சிங்கப்பூரிலிருந்து ஒரு பழைய ரிதம் பாக்ஸைக் கொண்டுவந்து கொடுத்தார். சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு பெட்டி. முன்பக்கம் வரிசையாகப் பதினாறு பொத்தான்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிவப்பு விளக்கு. எந்தப் பொத்தானை அமுக்கி வைக்கிறோமோ அந்த இடத்தில் அடி விழும். விளக்கு பதினாறையும் ஓடி முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஓடும். வேகத்தைக் கூட்டக் குறைக்க ஓரத்தில் ஒரு குமிழ். குழுவில் அதை ‘நாப்’ என்பார்கள்.

பெட்டி வந்த நாளிலிருந்து மோகன்தாஸ் எல்லோரிடமும் ஒரு கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். டிரம்ஸை வேனில் ஏற்றாவிட்டால் இரண்டு பாடகர்கள் கூடுதலாக உட்காரலாம்.

ஆனால் பெட்டி மூன்று கச்சேரிகளில் வாசித்தது, மூன்றிலும் சொதப்பியது. பல்லவியில் ஒழுங்காக வரும். சரணம் வந்தால் பின்தங்கும்.

தணிகாசலம் வெளியே உச்சுக்கொட்டினார். உள்ளுக்குள் அவருக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

“நீயே எடுத்துட்டுப் போய்ச் சரி பண்ணிட்டு வா” என்றார் மோகன்தாஸ். “ஞாயித்துக்கிழமை பெரம்பூர் ரிசப்ஷன். அதுல பெட்டியை நீயே ஓட்டிப் பாரு. சரியா வாசிச்சா இனிமே டிரம்ஸ் வேண்டாம். தேங்குச்சுன்னா பழையபடி உன் டிரம்ஸ்தான்.”

இப்படித்தான் அவர் ரெஜினாவின் மாடிப்படியில் ஏறினார். பெட்டி தேறாது என்று அவள் வாயால் கேட்டுவிட்டால் போதும், தன் இடம் தனக்கு.

“எங்க தேங்குது சார்?”

“சரணத்துலம்மா. எங்க குழுவுல ஒம்போது பேர். ஒம்போது பேருக்கும் அப்படித்தான் கேக்குது.”

அவள் பெட்டியைத் திறந்தாள். ஒரு மணி நேரம் அதை ஓடவிட்டு, ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு பார்த்தாள். பிறகு மூடித் திருகாணிகளை முடுக்கினாள்.

“பெட்டியில ஒண்ணும் இல்ல.”

“ஒம்போது பேர் காது பொய் சொல்லுமா?”

“இந்தப் பெட்டி வர்றதுக்கு முன்னாடி பதிஞ்ச கச்சேரி கேசட் ஏதாவது இருக்கா?”

இருக்கிறதா என்றா கேட்பது. மறுநாள் காலையிலேயே மூன்று கேசட்டுகளோடு வந்துவிட்டார். தன் வாசிப்பை யாராவது கேட்கிறேன் என்றால் தணிகாசலம் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு வருவார்.

ரெஜினா முதல் கேசட்டைப் போட்டாள். ஸ்டாப்வாட்சை அவர் கையில் கொடுத்தாள்.

“நீங்களே எண்ணுங்க சார்.”

பல்லவியில் பதினைந்து வினாடிக்கு இருபத்தேழு அடி. கடைசிச் சரணத்தில் அதே பதினைந்து வினாடிக்கு முப்பத்தொன்று.

தணிகாசலம் மறுபடி எண்ணினார். முப்பத்தொன்றேதான். இரண்டாவது கேசட்டை எடுத்தார். இருபத்தாறில் ஆரம்பித்து முப்பதில் முடிந்தது. மூன்றாவது கேசட் ஆறு வருடப் பழசு. அதிலும் அப்படித்தான்.

“உங்க டேப் ரிக்கார்டர் வேகமா ஓடுதோ?”

“அப்படி ஓடினா பாடுறவர் குரல் கீச்சுன்னு ஆகியிருக்கும்.”

குரல் கீச்சென்று ஆகவில்லை. தெளிவாக, இழைவாக, சுருதி விலகாமல், கூடவே ஓடிக்கொண்டிருந்தது.

தணிகாசலம் ஸ்டாப்வாட்சை மேஜையில் வைத்தார். அவருக்குக் காது மடல்வரை சூடேறிவிட்டது. இந்தப் பெண் முன்னால் இப்படி உட்கார்ந்திருக்கிறோமே என்று அவமானமாக இருந்தது.

“அப்போ இருபத்தெட்டு வருஷமா நான் தப்பா வாசிச்சேனா?”

ரெஜினா கேசட்டைத் திருப்பிச் சுற்றி, அதே பாட்டை முதலிலிருந்து போட்டாள். பல்லவி போயிற்று. முதல் சரணத்தில் மேஜைக்கு அடியில் அவள் கால் தாளம் போட ஆரம்பித்தது. கடைசிச் சரணத்தில் தலையும் சேர்ந்துகொண்டது.

“நல்லா இருக்கு” என்றாள்.

“அப்போ பெட்டிதான் தப்பு.”

“பெட்டி சரி.”

“ரெண்டும் எப்படிம்மா சரியா இருக்கும்?”

அவள் கேசட்டை நிறுத்திவிட்டுப் பெட்டியை ஓடவிட்டாள். தணிகாசலம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பெட்டி தேறாதுன்னு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துடுங்க. என் பொழப்பு அதுல இருக்கு.”

“தரேன்” என்று அவள் உடனே பேனாவை எடுத்தாள். “எந்தப் பாகம் கெட்டுப்போச்சுன்னு போடட்டும்?”

தணிகாசலம் பெட்டியைப் பார்த்தார். பதினாறு விளக்குகளும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன. ஒரு பொத்தான்கூடத் தளரவில்லை. அவர் எவ்வளவு தேடியும் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

“விடுங்க” என்றார்.

அவள் பேனாவை மூடினாள். பெட்டியை அவர் பக்கம் தள்ளினாள்.

“இந்த நாப் எதுக்கு சார்?”

“வேகத்துக்கு.”

“எப்போ திருப்பணும்?”

“பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி. திருப்பி வெச்சுட்டா அப்புறம் தொடக் கூடாது.”

“யார் சொன்னாங்க?”

தணிகாசலம் யோசித்தார். யாரும் சொல்லவில்லை.

அடுத்த மூன்று நாட்களும் அவர் அங்கேயே கிடந்தார். தன்னுடைய கேசட்டைப் போடுவார். கூடவே பெட்டியை ஓடவிடுவார். விரல் குமிழின் மேல் இருக்கும். பல்லவியில் சும்மா இருந்துவிட்டு, பாட்டு சூடு பிடிக்கிறபோது ஒரு மயிரிழை நகர்த்துவார். பிறகு இன்னொரு மயிரிழை. கொஞ்சம் கூடினால் பெட்டி முந்தும், குறைந்தால் கேசட் முந்தும். தன்னையே துரத்திக்கொண்டு போவது இவ்வளவு சிரமம் என்று அவருக்கு அதுவரை தெரியாது. மூன்றாம் நாள் மாலை பெட்டியும் கேசட்டும் ஒரு முழுப் பாட்டு ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன.

“சரி, வரேன் குருவம்மா” என்று கும்பிட்டார். கிண்டலாகத்தான்.

ரெஜினா ஒரு கீபோர்டின் அடிவயிற்றில் தலையை விட்டிருந்தாள். “போய்ட்டு வாங்க சார்” என்றாள்.

பெரம்பூர் ரிசப்ஷனில் பெட்டியை ஒரு ஸ்டூலில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தார். டிரம்ஸ் வீட்டில் இருந்தது. குமிழைத் திருப்புவதை மற்ற எட்டுப் பேர் பார்த்துவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் கடிகாரம் என்ற பெயர் அந்த இடத்திலேயே நின்றுவிடும். அதனால் மாட்டுச் சந்தையில் விலை பேசுகிறவர் மாதிரி கையின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டார்.

முதல் பாட்டில் சரணம் வந்தது. மோகன்தாஸ் பாடிக்கொண்டே பெட்டியை முறைத்தார். துண்டுக்கு அடியில் விரல் நகர்ந்தது. பெட்டி தேங்கவில்லை. இரண்டாவது சரணத்திலும் தேங்கவில்லை. மோகன்தாஸின் முகம் மெதுவாக மலர்ந்தது. முன்வரிசையில் ஒரு பெரியவர் தொடையில் தட்ட ஆரம்பித்தார்.

ஐந்தாவது பாட்டு புது மாதிரிப் பாட்டு. மெஷினை வைத்தே பிறந்த பாட்டு. சரணத்தில் பாடகி ஓடப் பார்த்தாள். தணிகாசலத்தின் விரல் தானாக எழுந்தது. ஆனால் அந்தப் பாட்டு வேகம் கூடுவதை விரும்பவில்லை என்று அவருக்குப் பட்டது. விரலை எடுத்துவிட்டார். பாடகி ஒரு வரி தடுமாறினாள், பிறகு பெட்டியின் தாளத்தின் மேல் சாய்ந்துகொண்டாள். மணப்பெண்ணின் தோழிகள் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு ஆட வந்தார்கள். ஒரே அடி, ஒரே இடத்தில், கொஞ்சமும் அவசரப்படாமல் விழுந்துகொண்டிருந்தது. தணிகாசலத்துக்குச் சிரிப்பு வந்தது. இப்படி ஒரு சுகம் இதில் இருக்கிறது என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

கச்சேரி முடிந்ததும் மோகன்தாஸ் அவர் தோளில் கை போட்டார்.

“பெட்டி பிரமாதமா சரியாயிடுச்சு தணிகா. இப்போ மனுஷன் மாதிரியே வாசிக்குது. அந்த அம்மா கெட்டிக்காரிதான்.”

“ஆமாண்ணே.”

“இனிமே சுவிட்சைப் போட்டா போதும், தானா ஓடும். அதை பிரேமே பார்த்துப்பான். நீ எதுக்கு இந்த வயசுல இழுத்துக்கிட்டு அலையணும்? ரெஸ்ட் எடு.”

பிரேம், குழுவில் கீபோர்டு வாசிக்கிறவன். தணிகாசலம் துண்டை உதறித் தோளில் போட்டார். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. கடிகாரம் என்று பெயர் வைத்த மனிதர் எதிரில் நிற்கிறார். சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை ரெஜினா கடையைத் திறக்கும்போது அவர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது.

“நீங்கதான் திருப்பினீங்கன்னு சொல்லலையா?”

“சொல்லல.”

அவள் கதவைத் திறந்தாள். பின்பக்கம், அடுக்கி வைத்திருந்த ஆம்ப்ளிஃபயர்களுக்கு அந்தப் பக்கம் ஒரு பெஞ்சைக் காட்டினாள். அதில் வேறொரு ரிதம் பாக்ஸ் இருந்தது. யாரோ பழுது பார்க்கக் கொடுத்துவிட்டு, திரும்ப வராமலே போனது.

“உட்காருங்க சார்.”

உட்கார்ந்தார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். குருவம்மா என்ற கிண்டலில் கிண்டல் எந்த நாளில் கழன்று விழுந்தது என்று அவருக்கே தெரியாது.

ஒரு நாள் கேட்டார்: “இதுல கைதட்டல்னு ஒரு பொத்தான் இருக்கு. அமுக்கினா அப்பளம் நொறுங்குற சத்தம்தான் வருது. இது கைதட்டலாம்மா?”

“அப்பளம் எப்படி இருக்கு?”

இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தார். “அப்பளம் நல்லாத்தான் இருக்கு.”

“அப்போ கைதட்டலை விட்டுடுங்க.”

இன்னொரு நாள் அவள் ஒரு வெளிநாட்டுக் கேசட்டைப் போட்டாள். முழுக்க முழுக்க மெஷின். பாடகர்கூடப் பாதி மெஷின் மாதிரி பாடினார். தணிகாசலம் முதலில் முகத்தைச் சுளித்தார். பத்து நிமிடம் கழித்துப் பக்கத்துப் பெஞ்சிலிருந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு ஸ்பீக்கருக்கு அருகில் உட்கார்ந்தார்.

“ஏழாவது இடத்துல ஒரு அடி போடலாம். போடாம விட்டிருக்கான்” என்றார்.

“ஆமா.”

“பாட்டு முழுக்க விட்டிருக்கான். நானா இருந்தா மூணாவது சுத்துலயே அங்க ஒண்ணு போட்டிருப்பேன். கை சும்மா இருக்காது.”

“பெட்டிக்குக் கை இல்லையே.”

தணிகாசலம் அந்தப் பாட்டை நாலு தடவை கேட்டார். பிறகு பெஞ்சுக்குப் போய், தன் பெட்டியில் ஏழாவது பொத்தானை விடுவித்தார். அன்று முழுக்க, குழந்தைக்கு முதல் பல் முளைத்ததைப் பார்த்தவர் மாதிரி அவர் முகம் இருந்தது.

“டிரம்ஸ் மாதிரியே இல்லாத சத்தம்” என்றார் சாயங்காலம். “இதை எதுக்கும்மா உலகம் பூரா தேடி வாங்குறாங்க?”

ரெஜினா டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

“ஒரு இன்ஜினியர் இருந்தார். டிரம்ஸ் சத்தத்தை ஒரு பெட்டிக்குள்ள பிடிக்கணும்னு உட்கார்ந்தார். ரொம்பப் பாடுபட்டார். கிட்டக்கூட வரல. பெரிய இசைக்காரங்க கேட்டுட்டுச் சிரிச்சாங்க. பெட்டியெல்லாம் பழைய சாமான் கடைக்குப் போச்சு.”

“பாவம்.”

“டிரம்ஸ் வாங்க வசதியில்லாத பசங்க அங்கேர்ந்து எடுத்துட்டுப் போனாங்க. வீட்டு ரூம்ல வெச்சு, அந்தச் சத்தத்துலயே பாட்டு போட்டாங்க. ஊரே ஆடுச்சு. அப்புறம் அந்த இன்ஜினியர் அச்சு அசலா டிரம்ஸ் மாதிரியே வாசிக்குற பெட்டி ஒண்ணு செஞ்சு எடுத்துட்டு வந்தார். பசங்க பொறுமையா கேட்டாங்க. ‘நல்லா இருக்கு சார், அந்தப் பழையது இருக்கா’ன்னாங்க.”

“இன்ஜினியருக்கு மனசு ஒடிஞ்சிருக்குமே.”

“அவரும் பின்னாடி நின்னு ஆடிக்கிட்டிருந்ததாத்தான் கேள்வி.”

தணிகாசலம் சிரித்தார். இப்படியாக ஒரு மாதம் ஓடியது. பகலெல்லாம் அவருக்கு நிம்மதியாக இருந்தது. ஐம்பத்தாறு வயதில் புதிதாக ஒன்று கைக்கு வருகிறதே என்று பெருமைகூட இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு, எங்கோ ஒரு மேடையில் மைக் டெஸ்டிங் சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்ற நினைப்பு வந்துவிடும். அந்த நேரத்தில் வீட்டில் யாரோடும் பேச மாட்டார். மேடைக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இல்லை.

ஐந்தாவது வாரம் ஒரு புதன்கிழமை காலை, மாடிப்படியில் பழக்கமான இருமல் கேட்டது. பெட்டியை இடுக்கிக்கொண்டு மோகன்தாஸ் உள்ளே வந்தார். ஆம்ப்ளிஃபயர்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரை அவர் பார்க்கவில்லை.

“நீங்கதானேம்மா போன மாசம் இதைச் சரி பண்ணினது?”

“என்ன ஆச்சு சார்?”

“மறுபடி தேங்குது. நாலு கச்சேரி போச்சு. அடாப்டர் மாத்திப் பார்த்தோம். எங்க கீபோர்டுக்காரன் பிரேம் ஆரம்பத்துலயே வேகத்தைக் கூட்டி வெச்சான். பல்லவி தலைதெறிக்க ஓடுச்சு. நடுவுல நாபைத் திருப்பிப் பார்த்தான். பாட்டு குப்புற விழுந்துச்சு. சைதாப்பேட்டையில ஜனங்க சிரிச்சுட்டாங்கம்மா.” மோகன்தாஸ் பெட்டியை மேஜையில் வைத்தார். “பெரம்பூர்ல வாசிச்ச மாதிரி பண்ணிக் கொடுத்துடுங்க. அது போதும்.”

“நான் அதுல எதுவும் பண்ணலையே சார்.”

“பின்ன பெரம்பூர்ல எப்படி வாசிச்சுது?”

ரெஜினா டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டாள். வராந்தாக் குழாயில் கழுவப் போனாள். பெஞ்சைத் தாண்டும்போது தணிகாசலத்தைப் பார்க்கக்கூட இல்லை.

இன்னும் இரண்டு நிமிடம் தணிகாசலம் வாயை மூடிக்கொண்டிருந்தால் மோகன்தாஸ் கீழே இறங்கிவிடுவார். கடிகாரம் கடிகாரமாகவே இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளும் இப்படியே இருக்கும்.

எழுந்து வந்தார்.

“அண்ணே.”

மோகன்தாஸ் திரும்பினார். “தணிகா? நீ இங்க என்ன பண்றே?”

“பாடம் படிக்கிறேன்.” மேஜையிலிருந்த பெட்டியைக் காட்டினார். “பெரம்பூர்ல நான்தாண்ணே திருப்பினேன். துண்டுக்கு அடியில.”

“என்னத்த?”

“நாபை. நாம போற வேகத்துக்குப் பெட்டியைக் கூட்டிக்கிட்டே வந்தேன். பெட்டி தேங்கலண்ணே. எப்பவுமே தேங்கல. நாமதான் சரணத்துல ஓடுறோம்.”

“எப்போலேர்ந்து?”

“கேசட் இருக்கிற நாள்லேர்ந்து.”

மோகன்தாஸ் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“உன்னைப் போய்க் கடிகாரம்னு சொன்னேனே.”

“நீங்களும் கூடவே ஓடி வந்தீங்க. அதனால தெரியல.”

மோகன்தாஸின் வயிறு முதலில் குலுங்கியது. பிறகு தோள் குலுங்கியது. ஒன்பது பேர், ஒன்பது பேர் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

“ஏன்டா அன்னிக்கே சொல்லல?”

“பேர் போயிடும்னு.”

“பேரைக் காப்பாத்திக்கிட்டு ஆள் வெளிய போயிட்டியே.”

தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டார். மோகன்தாஸ் பெட்டியைப் பார்த்தார். ஒரு விரலை நீட்டிக் குமிழைத் தொட்டார். திருப்பவில்லை. விரலை எடுத்துக்கொண்டார்.

“சனிக்கிழமை ஆவடியில கச்சேரி” என்றார். “உன் வீட்டுக்கு வண்டி எத்தனை மணிக்கு அனுப்பட்டும்?”

“நாலு மணிக்கு அனுப்புங்கண்ணே.”

“டிரம்ஸ்?”

“ஒரு சிம்பல் தட்டு போதும், கூடப் பெட்டி. வேன்ல அந்த ரெண்டு பாடகர்கள் உட்காரட்டும்.”

மோகன்தாஸ் படியிறங்கிப் போனார். பெட்டியை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

ரெஜினா கழுவிய கிளாஸ்களோடு உள்ளே வந்து, அவற்றைப் பழைய செய்தித்தாளில் கவிழ்த்து வைத்தாள். தணிகாசலம் அறைக்குள் இப்படியும் அப்படியும் நடந்தார். சனிக்கிழமை வீட்டு வாசலுக்கே வண்டி வரப்போகிற சந்தோஷம் தாங்கவில்லை. தாங்காத சந்தோஷத்தில் கொஞ்சம் கோபமும் வந்தது.

“குருவம்மா, ஒண்ணு கேக்கலாமா?”

“கேளுங்க சார்.”

“அன்னிக்குத் திங்கட்கிழமை நான் வந்து கண் கலங்கினேன். அப்பவே நீங்க அவருக்கு ஒரு போன் போட்டு, திருப்பினது இவர்தான்னு சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. ஒரு மாசம் நான் மேடையைப் பார்க்கல.”

ரெஜினா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“அன்னிக்குச் சொல்லியிருந்தா அவர் என்ன கேட்டிருப்பார்?”

தணிகாசலம் யோசித்தார். மோகன்தாஸை அவருக்கு இருபத்தெட்டு வருடமாகத் தெரியும்.

“நாபை எந்தப் பக்கம் திருப்பணும்னு கேட்டிருப்பார்.”

“இன்னிக்கு என்ன கேட்டார்?”